சீட்டு வாங்கியவர்கள்

எகிப்து நாட்டின் வறண்ட மணலுக்குள் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கிடந்த பாப்பிரஸ் தாள் ஒன்று 1893-ஆம் ஆண்டில் பெர்லினில் படிக்கப்பெற்று அச்சேறியது. அது ஒரு விண்ணப்பம். எழுதிக் கொடுத்தவர் தியோகெனேஸ் என்னும் முதியவர். வயது 72. வலப்புருவத்தில் ஒரு வடு. ஊர், அலெக்சாந்தர் தீவு என்று பெயர் பெற்ற சிற்றூர். தாம் எந்நாளும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர் என்றும், இப்போதும் அரசாணையின்படி அதிகாரிகளின் கண்முன்னே பலியிட்டு, இரசம் வார்த்து, படையலைச் சுவைத்ததாகவும் அவர் கூறுகிறார்; அதற்குச் சான்றளிக்குமாறு வேண்டுகிறார். நாள், நம் கணக்கில் 250 ஜூன் 26.

இதைப் போன்ற தாள்கள் ஏறத்தாழ நாற்பத்தைந்து இதுவரை கிடைத்துள்ளன. எல்லாம் ஒரே வாய்ப்பாட்டில் எழுதப்பட்டவை. பெயரும் வயதும் அடையாளமும் மட்டுமே மாறுகின்றன. அவற்றுள் ஒன்று முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருத்தி பெற்றது. கோயிற் பூசாரியும் தான் தெய்வத்தை வணங்குவதாக அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது! இவர்களுள் எத்தனை பேர் உள்ளத்தில் கிறிஸ்துவைச் சுமந்துகொண்டு இத்தாளில் ஒப்பமிட்டார்கள்? புருவத்து வடுவைக் குறிக்க இடமிருந்த அந்தத் தாளில் அதைக் குறிக்க இடமில்லை.

வெளிவேடம் என்பது நம் ஆண்டவர் மிகக் கடுமையாகச் சாடிய குற்றம். நற்செய்தி நூல்கள் எழுதப்பெற்ற கிரேக்க மொழியில் அதைச் செய்பவனுக்கு வழங்கும் சொல், நாடக மேடையில் வேடம் கட்டி ஆடும் நடிகனைக் குறிப்பது. மேடையில் நடிகனை இனங்காண்பது எளிது. கோயிலில்தான் அரிது. யார் நடிகர், யார் மெய்யடியார் என்று பிரித்தறியும் பொறுப்பு திருச்சபையின் கையில் வலிந்து திணிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. தியோகெனேசின் சீட்டு அக்காலத்தைச் சேர்ந்தது. ஆகவே நாம் அந்த ஆண்டுகளுக்குள், சிறப்பாக வடஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகருக்குள், சற்று நுழைந்து பார்ப்போம்.

249-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உரோமைப் பேரரசனாகிய தேசியு, அரியணை ஏறிய சில மாதங்களுக்குள் ஓர் ஆணை பிறப்பித்தான். பேரரசின் மக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும். பலியிட்டதற்குச் சான்றும் பெற வேண்டும். அதற்கு முன்னும் வேதகலாபனைகள் உண்டு. ஆனால் அவை இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒரு நகரத்தின் கூட்டவெறியாலோ ஓர் ஆளுநரின் சினத்தாலோ எழுந்து அடங்கியவை. இதுவோ வீடு வீடாக, ஆள் ஆளாகப் பெயர் கேட்டது. 250 ஜனவரி 20 அன்று உரோமை ஆயர் ஃபபியான் மறைசாட்சியாக மரித்தார். அதன்பின் ஓராண்டுக்கு மேல் உரோமைத் திருச்சபைக்குத் தலைவர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளவும் இயலவில்லை.

கார்த்தேஜில் நிகழ்ந்ததை அந்நகர ஆயர் புனித சிப்பிரியான் எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது நம் முகம் சிவக்கிறது. வீரர்கள் வந்து இழுத்துச் செல்லவில்லை. நீதிபதி பெயர் சொல்லி அழைக்கவுமில்லை. நகரத்தின் நடுவிலிருந்த பலிபீடத்திற்குக் கிறித்தவர்கள் தாமாகவே விரைந்தார்கள். பலிப்பொருளைத் தாமே வாங்கிச் சுமந்து வந்தவர்கள் உண்டு. பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் தள்ளிப்போட்டபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்களும் உண்டு. பெற்றோர் கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்றனர். திருமுழுக்குத் தண்ணீரில் பெற்றதை அக்குழந்தைகள் தாமறியாமலேயே இழந்தன.

ஏன் இப்படி? சிப்பிரியான் தரும் விடை பேரரசனைப் பற்றியதன்று. நீண்டகால அமைதியில் நம்பிக்கை உறங்கிப் போயிற்று என்கிறார் அவர். சொத்துப் பெருக்கமே ஒவ்வொருவரின் கவலையாகியிருந்தது. ஆயர்களிற் சிலரே தம் மந்தையை விட்டுவிட்டு வேற்று மாநிலங்களில் வாணிகம் செய்தார்கள். ஏழைகள் பசித்திருக்க வட்டிக்குப் பணம் பெருக்கினார்கள். ஆக, பலிபீடத்தின் முன் ஒரே நாளில் விழுந்தவர்கள் என்று தோன்றினாலும், அவர்கள் பல ஆண்டுகளாகச் சிறிதுசிறிதாகச் சரிந்து வந்தவர்கள். தேசியு செய்ததெல்லாம் திரையை விலக்கியதுதான்.

பலியிட்டவர்களோடு இன்னொரு கூட்டமும் இருந்தது. பலியிடவும் மனமில்லை, சாகவும் துணிவில்லை. அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்தால், பலியிடாமலேயே பலியிட்டதாகச் சீட்டு கிடைக்கும் என்று தெரிந்தது. வாங்கிக்கொண்டார்கள். கையால் தூபம் போடவில்லை. வாயால் படையலைத் தொடவில்லை. தாளில் மட்டும் எல்லாம் செய்தாகிவிட்டது. ‘சீட்டுக்காரர்’ என்று பொருள்படும் ஒரு பெயரே இவர்களுக்கு இலத்தீன் மொழியில் ஏற்பட்டுவிட்டது.

இவர்களை வெளிவேடக்காரர் என்று சொல்லிக் கடந்துவிடத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் உரோமையிலிருந்து கார்த்தேஜ் சிறைக்குச் சென்ற ஒரு மடல் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

எழுதியவர் செலரீனு. உரோமையில் தேசியுவின் முன் நின்று, பத்தொன்பது நாள் விலங்கில் கிடந்து, நம்பிக்கையை விடாதவர். அவருடைய நெஞ்சை அரித்தது தம் வேதனை அன்று; தம் சகோதரியரான இரு பெண்களின் நிலை. இருவரும் வழுவினோர் வரிசையில் சேர்க்கப்பட்டிருந்தனர். கிறித்தவ உலகம் உயிர்ப்பு விழாவில் மகிழ்ந்திருந்தபோது அவர் இரவும் பகலும் அழுதுகொண்டிருந்தார். அப்பெண்களில் ஒருத்தி கப்பித்தோல் குன்றிலுள்ள கோயிலுக்குப் புறப்பட்டவள், வழியில் விதித்தேவியர் மூவரின் சிலைகள் நிற்கும் இடம் மட்டும் ஏறி, அங்கிருந்து இறங்கிவிட்டாள். பலியிடாதிருக்கப் பணம் கொடுத்தாள். அதற்குமேல் கால் நகரவில்லை போலும். பின்பு அவ்விருவரும் என்ன செய்தார்கள்? கார்த்தேஜிலிருந்து நம்பிக்கையின் பொருட்டுத் துன்புற்று உரோமைக்கு வந்து சேர்ந்தவர்களை எதிர்கொள்ளத் துறைமுகத்துக்குப் போனார்கள். அறுபத்தைந்து பேரை வரவேற்று, உணவளித்து, பேணி வந்தார்கள்.

நம்பிக்கையை மறுத்ததாகச் சீட்டு வைத்திருப்பவள், நம்பிக்கைக்காக அடிபட்டு வந்தவரின் புண்ணைக் கழுவுகிறாள். இவளை எந்த வரிசையில் நிறுத்துவது? உரோமைக் குருக்கள் வழக்கைக் கேட்டுவிட்டு, புதிய ஆயர் தேர்ந்துகொள்ளப்படும்வரை அப்படியே இருக்கட்டும் என்றனர். விடை தெரியாதபோது விடை தெரிந்ததுபோல் பேசாத அந்தக் குருக்களை நாம் மதிக்கிறோம்.

சரி, இத்தனையும் எழுதிய ஆயர் எங்கே இருந்தார்? ஒளிந்திருந்தார்!

சிப்பிரியான் செல்வக் குடியில் பிறந்து, நாவன்மை கற்பிக்கும் ஆசிரியராய்ப் புகழ் பெற்று, நடுவயதில் ஏறத்தாழ 246-இல் திருமுழுக்குப் பெற்றவர். மூன்றாண்டு நிறைவதற்குள் கார்த்தேஜ் ஆயரானார். மூத்த குருக்கள் ஐவருக்கு அந்தத் தேர்வு பிடிக்கவில்லை. வேதகலாபனை வெடித்தபோது, அவரைச் சிங்கத்துக்குப் போடுங்கள் என்று நகரக் கூட்டம் கூச்சலிட்டது. அவர் நகரை விட்டு அகன்று மறைவிடம் புகுந்து, ஓராண்டுக்கு மேல் அங்கிருந்தே மடல்கள் வழியாகத் திருச்சபையை நடத்தினார்.

உரோமையில் ஆயர் மரித்திருக்க, கார்த்தேஜ் ஆயர் ஓடிப்போனார் என்ற செய்தி எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? உரோமைக் குருக்கள் கார்த்தேஜ் குருக்களுக்கு ஒரு மடல் எழுதினர். அதில் நல்ல ஆயனையும் ஓநாயைக் கண்டு ஓடும் கூலிக்காரனையும் பற்றிய நற்செய்திப் பகுதி நினைவூட்டப்பட்டிருந்தது. யாரைக் குத்துகிறது என்று எல்லோருக்கும் விளங்கியது. எழுதியவர் பெயரோ, பெறுபவர் பெயரோ அதில் தெளிவாக இல்லை. மடல் சிப்பிரியானின் கைக்கே வந்து சேர்ந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுத்தும் கருத்தும் தாளுங்கூட ஐயத்துக்கு இடமளிக்கின்றன, இது உண்மையில் உங்களுடையதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என எழுதி, மடலையே அவர்களுக்குத் திருப்பியனுப்பிவிட்டார். பழைய நாவன்மை ஆசிரியரின் கூர்மை அந்த விடையில் பளிச்சிடுகிறது. ஆனால் காயமும் தெரிகிறது. பின்னர், தாம் மறைவிலிருந்து எழுதிய பதின்மூன்று மடல்களின் படிகளை உரோமைக்கு அனுப்பி, தாம் மந்தையைக் கைவிடவில்லை என்று விளக்கினார். தம் நேர்மைக்குத் தாமே சான்று தேடும் நிலை அவருக்கும் வந்தது.

இந்த இக்கட்டில் இன்னொரு வகைச் சீட்டும் புறப்பட்டது. சிறையில் வதைபட்டும் மறுக்காதவர்களுக்கு அறிக்கையாளர் என்று பெயர். வழுவினோர் அவர்களிடம் சென்று, எங்களுக்காகப் பரிந்துரை எழுதுங்கள் என்று வேண்டினார்கள். முதலில் அது தகுதியான வழக்கமாகவே இருந்தது. பிறகு பெருகியது. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் வழங்கப்படுவதாகச் சிப்பிரியான் வருந்துகிறார். பெயர் குறிக்காமல், இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்க என்று எழுதப்பட்டது. சேர்ந்தவர்கள் என்று இருபது முப்பது பேர் வந்து நிற்கலாம். செலரீனுவின் மடலைப் பெற்ற லூசியான் என்பவர், மறைசாட்சி பவுல் தம்மிடம் ஒப்படைத்துச் சென்றதாகக் கூறி, கேட்டவர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். கடைசியில், வழுவினோர் அனைவருக்கும் அறிக்கையாளர் அனைவரும் அமைதி வழங்கிவிட்டதாக ஆயருக்கே ஒரு குறிப்பு வந்தது!

லூசியானை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. பசியும் தாகமும் உடன் சிறைப்பட்டோரைக் கொன்றுகொண்டிருந்த இருட்டறையிலிருந்து எழுதிய மனிதர் அவர். அவருடைய இரக்கம் மெய்யானது. ஆயினும் அத்தாள்கள் வெளியே வந்தபின், அரசு தந்த சீட்டு உயிரைக் காத்ததுபோல் இந்தச் சீட்டு மனச்சான்றைக் காத்துவிடும் என்று மக்கள் நம்பத் தொடங்கினர். ஒரு தாளால் விழுந்தவர்கள் மறுதாளால் எழுந்துவிடலாம் என்று எண்ணினர். நடுவே அழுகை வேண்டாம், தவம் வேண்டாம், பழைய வட்டிக் கணக்கைத் திருத்திக்கொள்ளவும் வேண்டாம்.

உரோமையில் நிலைமை நேர் எதிராய்த் திரும்பியது. அங்கே நோவாசியான் என்னும் கற்றறிந்த குரு இருந்தார். ஆயர் இல்லாத காலத்தில் உரோமைக் குருக்களின் சார்பாக அழகிய மடல்கள் எழுதியவர். 251 மார்ச்சில் கொர்னேலியு ஆயராகத் தேர்வு பெற்றார். அப்போது நோவாசியான் தம்மையும் ஆயராக்கிக்கொண்டு தனித் திருச்சபை கண்டார். வழுவினோருக்கு இவ்வுலகில் மன்னிப்பில்லை, கடவுள் வேண்டுமானால் மன்னிக்கட்டும், தூய்மையானவர்களின் திருச்சபைக்குள் அவர்கள் கால் வைக்கலாகாது என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு மிகவும் நேர்மையாக ஒலிக்கும். பலர் மயங்கினர். சிறைப்பட்டிருந்த வீரமிக்க அறிக்கையாளர்களிற் சிலரும் தொடக்கத்தில் அவர் பக்கம் சாய்ந்தனர்.

வேதகலாபனைக் காலத்தில், துன்புறும் உடன்பிறப்புகளுக்கு உதவ வெளியே வருமாறு திருத்தொண்டர்கள் அழைத்தபோது, இந்த நோவாசியான் அறையைப் பூட்டிக்கொண்டு, தாம் இனி குருவாக இருக்க விரும்பவில்லை என்று சொல்லிவிட்டதாகக் கொர்னேலியு எழுதுகிறார். நற்கருணை வழங்கும்போது பெறுபவரின் கைகளைப் பற்றிக்கொண்டு, கொர்னேலியுவிடம் திரும்பமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார் என்றும் கூறுகிறார். எதிராளியின் கூற்று இது. முழுவதும் அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பிறர் குற்றத்தின்மேல் மிகக் கண்டிப்பாக இருப்பவரிடம் இதைப் போன்ற கதையொன்று ஒட்டிக்கொண்டிருப்பது வரலாற்றில் அரிதன்று.

251-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவுக்குப் பின் சிப்பிரியான் நகர் திரும்பினார். அதே ஆண்டு ஜூனில் தேசியு போர்க்களத்தில் மாண்டான். ஆப்பிரிக்க ஆயர்கள் கார்த்தேஜில் கூடினர். அவர்கள் எடுத்த முடிவுக்கு அக்காலத்தில் இருபுறமும் ஏச்சுக் கிடைத்தது. பலியிட்டவர்கள் நெடுந்தவம் புரிய வேண்டும். சாகும் தறுவாயில் ஏற்கப்படுவர். பலியிடாமல் சீட்டு மட்டும் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டு ஏற்கப்படுவர். தவமே செய்யாதவருக்கு இறுதியிலும் இடமில்லை.

ஒவ்வொருவராக என்ற சொல்லில்தான் நம் கவனம் நிற்கிறது. நோவாசியானின் கொள்கைப்படி ஒருவரையும் விசாரிக்க வேண்டியதில்லை, எல்லோரும் வெளியே. லூசியானின் சீட்டின்படியும் ஒருவரையும் விசாரிக்க வேண்டியதில்லை, எல்லோரும் உள்ளே. ஆயர்கள் மட்டுமே, உட்கார்ந்து, ஒரு மனிதனின் கதையை முழுதாகக் கேட்கும் கடினமான வேலையைத் தோளில் ஏற்றனர்.

எப்படிக் கேட்டார்கள் என்பதை அந்தோனியானு என்னும் ஆயருக்குச் சிப்பிரியான் எழுதிய நீண்ட மடல் காட்டுகிறது. விரும்பிப் பாய்ந்து பலியிட்டவனும், நெடுநேரம் போராடி, வேறு வழியின்றி அந்த இடத்துக்கு இழுபட்டவனும் ஒன்றல்லர் என்கிறார். தன்னோடு மனைவி மக்களையும் இழுத்துச் சென்றவன் ஒருவன்; எல்லோருக்காகவும் தான் ஒருவனே சென்று பழியை ஏற்று, வீட்டாரைக் காத்தவன் வேறொருவன். தன் குடியானவர்களையும் நண்பர்களையும் அத்தீமைக்குத் தள்ளியவன் ஒருவன். குடியானவர்களை விட்டுவைத்து, நாடு கடத்தப்பட்டு அலைந்தவர்களைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தவன் வேறொருவன். சீட்டுக்காரன் ஒருவனின் வாக்குமூலத்தையும் சுருக்கித் தருகிறார். பலியிடக் கூடாது என்று ஆயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே அதிகாரியிடம் நானே போயோ ஆளனுப்பியோ, நான் கிறித்தவன், பலிபீடத்துக்கு வர இயலாது, அதைச் செய்யாதிருக்கவே பணம் தருகிறேன் என்று தெரிவித்தேன். இதுவும் குற்றம் என்று இப்போதுதான் அறிகிறேன் என்று அவன் அழுதான். கை தூய்மையாயிருந்தாலும் மனச்சான்று கறைபட்டது என்பதைச் சிப்பிரியான் மறைக்கவில்லை. ஆனால் அவனையும், கெஞ்சிப் பலியிட்டவனையும் ஒரே தட்டில் வைக்க மறுத்தார்.

மறைவிலிருந்த காலத்தில் இதே சிப்பிரியான் இதைவிடக் கடுமையானவராகவே இருந்தார். மாறிவிட்டார் என்று சிலர் இடித்துரைத்தனர். அந்தோனியானுவுக்கு அவர் அத்தனை நீளமாக எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். மாற்றம் நேர்மையின்மை ஆகாது. ஆட்களைக் காணாமல் தொலைவிலிருந்து எழுதியவர், திரும்பி வந்து அவர்கள் முகத்தைப் பார்த்தார். அவ்வளவே.

இவ்விடத்தில் நம் பங்குகளின் நினைவு வராமல் இருக்க முடியவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தவருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. மதத்தை அளவுகோலாக்க வேண்டாம் என்று இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்த பின்னும் சேர்க்கப்படவில்லை. விளைவு நாம் எல்லோரும் அறிந்தது. திருமுழுக்கு ஏட்டில் ஒரு பெயர். சாதிச் சான்றிதழில் வேறொரு பெயர். ஞாயிறன்று முழந்தாளிடும் கை, திங்களன்று விண்ணப்பத்தில் ‘இந்து’ என்று நிரப்புகிறது. இத்தகைய வழக்கொன்றில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறித்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டே வேலைவாய்ப்புக்காக மட்டும் வேறு மதத்தினர் எனக் கூறுவது அரசமைப்புச் சட்டத்தை ஏய்ப்பதாகும் என்று தீர்ப்பளித்தது.

இவர்கள் வெளிவேடக்காரர்கள் என்று கோயில் முற்றத்தில் சொல்லப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். சொல்பவர் பெரும்பாலும், கிறித்தவர் என்று எழுதுவதால் ஒரு காசும் இழக்காதவர். சிப்பிரியான் இந்தச் சான்றிதழைச் சரி என்று சொல்லியிருப்பார் என நாம் வாதிக்கவில்லை. மனச்சான்று கறைபடும் என்றே அவர் சொல்லியிருப்பார். ஆனால் அவர் அங்கே நிறுத்தமாட்டார். யார் தள்ளினார்கள் என்று கேட்பார். பலியிடச் சொன்னது அரசு, சரி. ஆனால் தன் பெயரும் நிலமும் காக்கக் குடியானவனைப் பலிபீடத்துக்கு அனுப்பிய செல்வர்களைப் பற்றியும் அவர் தனியே கேட்டாரே. நம் ஊர்களிற் சிலவற்றில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பப்பட்டது. தேர் செல்லும் தெருவும் செல்லாத தெருவும் வகுக்கப்பட்டன. அவற்றை வகுத்தவர்கள் எல்லா ஏடுகளிலும் ஒரே பெயருடைய, குறையற்ற கத்தோலிக்கர்கள். பிறருடைய நம்பிக்கையின் விலையை ஏற்றிவிட்டு, அவர்கள் விலை கொடுக்கத் தயங்கும்போது பழிக்கிறவரை எந்த வரிசையில் நிறுத்துவது? தாளில் இரண்டு பெயர் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குள் இரண்டு பீடம் இருப்பது தெரிவதில்லை.

கார்த்தேஜுக்குத் திரும்புவோம். 252-ஐ ஒட்டி நகரில் கொள்ளைநோய் பரவியது. நோயுற்றோர் தெருவில் எறியப்பட்டனர். சிப்பிரியான் மக்களைக் கூட்டி, நம்மவரை மட்டும் கவனிப்பதில் சிறப்பொன்றுமில்லை, நம்மைத் துன்புறுத்தியவர்க்கும் உதவ வேண்டும் என்று அறிவுறுத்தினார். பொருளுள்ளவர் பொருளாலும் இல்லாதவர் உழைப்பாலும் அப்பணியில் இறங்கியதாக அவருடைய திருத்தொண்டர் போன்சியு எழுதிய வரலாறு கூறுகிறது. அதே காலத்தில் மற்றொரு வேதகலாபனை வரப்போகிறது என்ற அச்சம் எழுந்தது. ஆயர்கள் மீண்டும் கூடி, தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும், பலியிட்டவர்கள் உட்பட, உடனே நற்கருணை உறவில் சேர்த்துக்கொண்டனர். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்த அழைக்கப்போகிறவர்களுக்கு அவருடைய இரத்தத்தை மறுப்பது எப்படி என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

257-இல் வலேரியானின் ஆணை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று சிப்பிரியான் ஆளுநர் முன் நின்று, தாம் கிறித்தவர், ஆயர் என்று அறிக்கையிட்டார். குருக்களின் பெயர்களைக் கேட்டபோது சொல்ல மறுத்தார். கூருபிஸ் என்னும் கடற்கரை ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். ஓராண்டு கழிந்து கார்த்தேஜில் தம் தோட்டத்திலிருந்தபோது, புதிய ஆளுநர் கலேரியு மாக்சிமு அவரை ஊத்திக்கா நகருக்குக் கொண்டுவர ஆளனுப்பினான். செய்தி முன்னதாகவே எட்டியது. சிப்பிரியான் மறுபடியும் ஒளிந்துகொண்டார்!

எட்டு ஆண்டுகளுக்கு முன் கூலிக்காரன் என்று குத்தியவர்களில் எவராவது அப்போது உயிரோடிருந்தால், பார்த்தீர்களா என்றிருப்பார். ஆனால் அவர் தம் மக்களுக்கு அனுப்பிய கடைசி மடலில் காரணத்தை எழுதினார். ஓர் ஆயர் தாம் தலைமை தாங்கும் நகரில்தான், தம் மக்களின் நடுவில்தான் ஆண்டவரை அறிக்கையிட வேண்டும். வேற்றூரில் சாக மாட்டேன். ஆளுநர் கார்த்தேஜ் வரட்டும், காத்திருக்கிறேன். ஆளுநர் கார்த்தேஜ் வந்தான். உடனே அவர் மறைவிலிருந்து தம் தோட்டத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

258 செப்டம்பர் 13 அன்று பிடிபட்டார். இரவு முழுவதும் கூட்டம் அவர் வைக்கப்பட்டிருந்த வீட்டின் வாயிலில் காத்து நின்றது. மறுநாள் விசாரணை மிகச் சுருக்கமாக முடிந்தது. வாளால் வெட்டுக என்ற தீர்ப்பைக் கேட்டு அவர் கடவுளுக்கு நன்றி கூறினார். எங்களையும் அவரோடு வெட்டுங்கள் என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. இந்த நகரத்தின் கிறித்தவர்கள்தாம் எட்டு ஆண்டுகளுக்கு முன் பொழுது சாய்ந்த பின்னும் பலியிட இடங்கேட்டு நின்றவர்கள். மரங்கள் சூழ்ந்த வெளியில் அவரை நிறுத்தினார்கள். அவர் மேலாடையைக் களைந்து, முழந்தாளிட்டு மன்றாடினார். தம்மை வெட்டப்போகும் கொலையாளிக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கும்படி தம்மவர்க்குச் சொன்னார். மக்கள் முண்டியடித்து வந்து, அவர் முன்னே தரையில் துணிகளை விரித்தார்கள்.